மூன்று கிலோத் துவக்குக்கு ஒரு தோட்டா

1

என் மகள் ஆரணி, ஜேர்மனியில் நாங்கள் இருக்கும் ஹனோவரை விட்டு அல்ப்ஸ் மலைப்பக்கம் போய் இன்றோடு இருநூற்று அறுபத்தாறு நாள். நான் நாள் எண்ணுகிற பழக்கம் உள்ளவன். இருபத்தேழு வருடம் ஓர் உலோகத் தொழிற்சாலையில், கடைந்து வரும் உருளைகளை அளந்து சரி, பிழை என்று எழுதுவதுதான் என் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அளப்பதற்கு வீட்டில் வேறொன்றும் இல்லை.

ஆரணி காட்டுத்துறையில் படித்தவள். ஊரில் இதைச் சொன்னால் விளங்கப்படுத்த நேரம் எடுக்கிறது. "காட்டிலை என்ன வேலை, அண்ணை? விறகோ?" என்று என் தங்கை கேட்டாள். இங்கே காடு என்பது நட்டு, எண்ணி, வெட்டி, மறுபடி நடுகிற ஒன்று. மலைச்சரிவில் மரம் நின்றால்தான் கீழே இருக்கும் ஊர்களின் மேல் பனியும் கல்லும் சரியாது. நட்ட கன்றுகளை மான்களும், கெம்ஸ் என்று இவர்கள் சொல்லும் மலையாடுகளும் கடித்துவிடும். அவற்றின் தொகையைக் கட்டுக்குள் வைப்பதும் காட்டு அலுவலரின் கடமை. அதற்காக எழுத்திலும் வாய்மொழியிலும் சுடுவதிலும் பரீட்சை வைக்கிறார்கள். ஆரணி மூன்றிலும் முதல் தடவையே தேறினாள்.

மார்ச் தொடக்கத்தில் வேலைக் கடிதம் வந்தது, கடைசிக் கிழமை வெளிக்கிட்டாள். வேட்டைப் பருவம் முடிகிற டிசம்பர் நடுப்பகுதி வரை தகுதிகாண் காலம். அதற்குள் தனக்குக் குறித்த தொகை ஆடு மான்களைப் பிழையில்லாமல் சுட்டு முடித்தால் நிரந்தரம். இல்லாவிட்டால் பெட்டியோடு திரும்பி வர வேண்டியதுதான்.

ஏப்ரலில், இரண்டாவது ஞாயிறு, தொலைபேசியில் கேட்டாள்.

"அப்பா, ஒரு உதவி செய்வீங்களோ? எனக்கு ஒரு தோட்டா தெரிவு செய்து தாங்கோ."

அவளுடைய அம்மா தவறிப்போய் மூன்று வருடம். அந்த மூன்று வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. வெறுமனே இருக்கும் அப்பாவுக்கு ஏதாவது வேலை கொடுப்போம் என்று நினைத்துத்தான் கேட்டாளோ என்று பின்னர் யோசித்ததுண்டு. அன்று யோசிக்கவில்லை. அடுத்த நாள் காலை கடை திறக்க முன்னமே வாசலில் நின்று, எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

2

துவக்கை, அந்த வேட்டைத் துப்பாக்கியை, அவள் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். தனியே இரண்டு கிலோ அறுநூறு கிராம். மேலே குறிபார்க்கும் கண்ணாடியைப் பூட்டினால் மூன்று கிலோவுக்குச் சற்று மேல். ஆயிரம் மீற்றர் ஏறி இறங்குகிறவளுக்கு ஒவ்வொரு கிராமும் சுமைதான். ஒரே துவக்கு நான்கு விதமான தோட்டாக்களுக்குச் செய்யப்பட்டு வருகிறது. வாங்கும்போதே எது என்று சொல்ல வேண்டும். பிறகு அதற்கு வேறு தோட்டா போட ஏலாது.

தோட்டா என்பது ஒரு பித்தளைக் கூடு, உள்ளே வெடிமருந்து, நுனியில் குண்டு. கூடு பெரிதென்றால் மருந்து கூட. மருந்து கூடினால் குண்டு வேகமாகவும் பலமாகவும் போகும். அதே கணக்கில் பின்னுக்கும் உதைக்கும். பாரமான துவக்கு அந்த உதையில் ஒரு பங்கைத் தானே வாங்கிக்கொள்ளும். மூன்று கிலோத் துவக்கு எதையும் வைத்துக்கொள்ளாது. அப்படியே சுடுகிறவரின் தோளில் கொடுத்துவிடும்.

சட்டமும் இருக்கிறது. மலையாட்டைச் சுடும் குண்டு ஆறரை மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. நூறு மீற்றர் தூரத்தில் இரண்டாயிரம் ஜூல் வலு மிச்சம் இருக்க வேண்டும். ஆரணியின் காட்டில் ஈயக் குண்டுக்கும் தடை. செம்பில் செய்ததைத்தான் பாவிக்கலாம். செம்புக் குண்டு உடம்புக்குள் போய் விரிய வேகம் வேண்டும். மலைத்துவக்கின் குழல் கட்டை என்பதால் வேகம் கொஞ்சம் குறையும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று அசைகிறது. எனக்குப் பிடித்தமான கணக்கு.

ஆறரை மில்லிமீற்றர், இருநூற்றெழுபது, முந்நூற்றெட்டு, முந்நூறு மக்னம் என்று தோட்டாக்களின் பெயரில் நான்கு நிரல் கீறினேன். முதலாவது மிகவும் சாது, கடைசி மிகவும் முரடு. நூறு மீற்றரில் வலு, இருநூறில் வலு, முந்நூறில் எவ்வளவு கீழே விழுகிறது, குறுக்குக் காற்றில் எவ்வளவு விலகுகிறது என்று வாசிகசாலைப் புத்தகங்களையும் உற்பத்தியாளர்களின் பட்டியல்களையும் வைத்து நிரப்பிக்கொண்டு போனேன். உதைக்கென்றும் ஒரு வரி இருந்தது. முந்நூறு மக்னம் ஆறரையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் உதைக்கும் என்று நானேதான் கணித்து எழுதினேன். இதை மறைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமைகளில் தமிழ்க் கடையில் சிவம் அண்ணையைச் சந்திப்பேன். அகதி விடுதியில் எனக்கு மேல் கட்டிலில் படுத்தவர். கொப்பியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"நாங்கள் துவக்குக்குப் பயந்து ஓடி வந்தம். உன்ரை பெட்டை துவக்கு வாங்கிறாள். நீ என்னடாவெண்டால் கலியாணத்துக்குப் பாக்கிற மாதிரி அதுக்குப் பொருத்தம் பாக்கிறாய். செவ்வாய் தோசம் இருக்கோ எண்டும் பார்."

நான் சிரித்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரியில்லை. நான் ஓடி வந்தது ஆகாயத்தில் இருந்து விழுந்த குண்டுகளுக்குப் பயந்து. துவக்கைப் பற்றி எனக்கு அன்றும் ஒன்றும் தெரியாது, கொப்பியில் எழுதியது தவிர இன்றும் ஒன்றும் தெரியாது.

மே மாதம் ஒரு துவக்குக் கடைக்கும் போனேன். விற்பனையாளர் முதலில் வேட்டை அனுமதி அட்டையைக் கேட்டார். இல்லை, மகளிடம்தான் இருக்கிறது என்றேன். அப்படியானால் காட்டலாம், விற்க முடியாது என்றார். பரவாயில்லை, இந்த நாட்டில் அட்டை இல்லாமல் அலுவலகக் கண்ணாடிகளுக்கு இந்தப் பக்கம் நின்று எனக்குப் பழக்கம். மகள் எத்தனை கிலோ என்று கேட்டார். தோட்டாவைக் கேட்க வந்தவனிடம் பிள்ளையின் நிறையைக் கேட்கிறாரே என்று ஒரு மாதிரி இருந்தது. ஐம்பத்திரண்டு என்றேன். "ஆறரையை எடுக்கச் சொல்லுங்கள். பயப்படாமல் சுடுகிறவர் குறி தவறமாட்டார்" என்றார். விற்பனைப் பேச்சு என்று குறித்துக்கொண்டேன்.

உண்மையில் அதற்கு முன்னமே ஒரு படம் என் கணக்கைக் கெடுத்துவிட்டது. தன்னுடைய பகுதி இதுதான் என்று ஆரணி அனுப்பிய படம். சாம்பல் நிறப் பாறை, அதில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டைப் பைன் செடிகள், கீழே ஒன்றும் இல்லை. காயப்பட்ட ஆடு பாறைப் பக்கமாக ஓடும். சுட்டவள் அதன் பின்னால் போக வேண்டும். அதற்குப் பிறகு நான்கு நிரலையும் ஒரே ஒரு கேள்வியோடுதான் பார்த்தேன்: சுட்ட இடத்திலேயே விழுத்துவது எது?

ஜூன் நடுவில் முந்நூறு மக்னத்தின் கீழே சிவப்பு மையால் இரட்டைக் கோடு போட்டு, பதினொரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.

"நல்ல வடிவாச் செய்திருக்கிறீங்கள் அப்பா. இதையே எடுக்கிறன்" என்றாள்.

3

எங்கள் தொலைபேசி நேரம் ஞாயிறு மாலை ஆறு மணி. யார் என்ன சொன்னார் என்று சுருக்கமாக எழுதி வைப்பேன். ஓகஸ்டில் மலையாட்டுப் பருவம் தொடங்கியது. அன்றிலிருந்து ஒக்டோபர் வரைக்கும் என் குறிப்பில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரே வரிதான் இருக்கிறது. துவக்கு எப்பிடி என்று கேட்டேன். நல்லா இருக்கு அப்பா என்றாள்.

தொழிற்சாலையில் ஓர் அளவுமானி அடுத்தடுத்து ஒரே எண்ணையே காட்டினால் உருளைகளைப் புகழ மாட்டோம். மானி இறுகிவிட்டதா என்று கழற்றிப் பார்ப்போம். பத்து ஞாயிறு நான் பார்க்கவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த முதல் ஐந்து வருடம் நானும் ஒரே வரியைத்தான் வீட்டுக்கு எழுதினேன். நான் சுகம். எங்களுக்குக் குறித்த மாவட்டத்தை விட்டு வெளியே போக அனுமதி இல்லை; வேலை செய்யவும் இல்லை. விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று கேட்க ஒரு டெர்மீன், அதாவது சந்திக்கக் குறித்த நாள்; அந்த டெர்மீனைத் தள்ளிவைத்ததற்கு இன்னொரு டெர்மீன். அம்மாவுக்கு இதில் எதையும் எழுதவில்லை. வேலை கூட, அதுதான் வர முடியவில்லை என்று எழுதினேன்.

அங்கிருந்து வந்த கடிதங்களும் அப்படியே. அப்பா செத்ததை எனக்கு முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகுதான் எழுதினார்கள். கடிதம் வந்து சேர்ந்தபோது நாற்பத்து நான்கு நாள். அந்த நாற்பத்து நான்கு நாளும் நான் விடுதியில் சீட்டு விளையாடினேன், சிவம் அண்ணையின் பகிடிகளுக்குச் சிரித்தேன். தூரத்தில் இருக்கிறவனுக்குச் சொல்லி என்ன செய்வது, தனிய இருந்து அழப் போகிறான் என்று அண்ணன் எழுதியிருந்தார். எனக்குக் கோபம் வரவில்லை. அன்பென்றால் இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அதே அன்பை நான் ஆரணிக்கும் காட்டியிருக்கிறேன். மனைவிக்கு நோய் என்ன என்று டொக்டர் சொன்ன கிழமை ஆரணிக்குக் கடைசிப் பரீட்சைகள். வேறு நகரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஐந்து கிழமை அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா நித்திரை, அம்மா குளிக்கிறா, அம்மா சுகம். அறிந்த பிறகு அவள் சண்டை பிடிக்கவில்லை. அதைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

4

ஒக்டோபரில் போனேன். மூன்று றெயின், பிறகு ஒரு பஸ். தரிப்பிடத்தில் நின்றாள். மெலிந்திருந்தாள். வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. புதிது, இன்னும் சிவப்பு மாறவில்லை.

அலுமாரிக் கதவு இடித்துவிட்டது என்றாள்.

அலுமாரிக் கதவில் இருப்பது மூலை, அல்லது நேர்கோடு. அந்தத் தழும்பு ஒரு வட்டத்தின் துண்டு. வட்டத்தின் துண்டைக் கண்டால் முழு வட்டம் எவ்வளவு என்று சொல்வதுதான் என் தொழில். விட்டம் நாற்பது மில்லிமீற்றருக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில். துவக்கின் மேல் பூட்டிய குறிபார்க்கும் கண்ணாடியின் பின்விளிம்பு அந்த அளவு. என் கொப்பியில் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது.

பஸ்ஸில் கேட்கவில்லை. வீட்டில் சோறு போட்டுத் தந்தபோதும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை வேலைக்கு வெளிக்கிட்டவளின் தோளில் தொங்கியது நான் படத்தில் பார்த்த துவக்கு இல்லை. மரப்பிடி வைத்த பழைய துவக்கு. அது யாருடையது என்று கேட்டேன்.

வாசலில் நின்றபடியே சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினாள். கட்டி முடிந்த பிறகும் நிமிரவில்லை.

"ஒரு பழைய அலுவலரின்ரை. இந்த மாதம் மட்டும் தந்திருக்கிறார். ஆறரை."

"உன்ரை?"

"அது உதைக்குது அப்பா."

பிறகு எல்லாம் வந்தது. ஜூலையில் சுடுதிடலில் மூன்றாவது தோட்டாவின் உதையில் கண்ணாடி விளிம்பு பட்டுப் புருவம் வெட்டியது. இரண்டு தையல். காயம் ஆறியது, ஆனால் அதற்குப் பிறகு விசையை அழுத்த முன்னமே உடம்பு தானாகச் சுருங்கத் தொடங்கிவிட்டது. செப்டெம்பரில் ஒரு மலையாட்டை வயிற்றில் சுட்டுவிட்டாள். நாயோடு தேடினார்கள். கண்டுபிடித்தது அடுத்த நாள் மத்தியானம்.

"ஒரு நாள் முழுக்க அது உயிரோடை கிடந்திருக்கு" என்றாள்.

மேலதிகாரி ஏசவில்லை. டிசம்பர் வரை பார்ப்போம் என்றாராம். நான் அந்தச் செப்டெம்பர் ஞாயிற்றின் குறிப்பை நினைத்துப் பார்த்தேன். நல்லா இருக்கு அப்பா.

"ஏன் பிள்ளை சொல்லேல்லை?"

"நீங்கள் பதினொரு பக்கம் எழுதினீங்கள். என்னண்டு சொல்லுறது?"

அப்போதுதான் நான் ஏன் அந்தத் தோட்டாவைத் தெரிவு செய்தேன் என்று சொன்னேன். படத்தில் கண்ட பாறையைச் சொன்னேன். ஆடு நின்ற இடத்திலேயே விழுந்தால் அவள் அந்தப் பாறையில் இறங்கத் தேவையில்லை என்று நினைத்ததைச் சொன்னேன். அவள் என்னை வியப்போடு பார்த்தாள். சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"செத்த ஆட்டை ஆர் அப்பா தூக்கி வாறது? எங்கை விழுந்தாலும் நான்தானே இறங்கிப் போக வேணும்."

பத்துக் கிழமை, நான்கு நிரல், பதினொரு பக்கம். இந்த ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

5

சனிக்கிழமை சுடுதிடலுக்குப் போனாள். என்னையும் கூட்டிப் போனாள். என்னுடைய துவக்கை, அதாவது நான் தெரிவு செய்த தோட்டாவின் துவக்கை, இன்னொரு முறை முயன்று பார்க்கப் போவதாகச் சொன்னாள். எனக்காகத்தான் என்று விளங்கியது. வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

திடலுக்குப் பொறுப்பானவர் பெரிய உடம்பும் மெல்லிய குரலும் உள்ள ஒருவர். எனக்குக் காதடைப்பான் தந்து பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே நின்றால் ஆரணியின் முகம் தெரியும். அவர் தானே தோட்டாவைப் போட்டுத் துவக்கை அவளிடம் கொடுத்தார். முதல் வெடி என் நெஞ்சில் கேட்டது. துவக்கு அவளைப் பின்னுக்குத் தள்ளியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதை அவர் போடும்போது என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். கவனி என்ற மாதிரி.

அவள் விசையை அழுத்தினாள். வெடி இல்லை. டிக் என்று ஒரு சிறு சத்தம் மட்டும். அவர் மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவைப் போட்டிருந்தார்.

உதை வரவில்லை. ஆனால் அவளுடைய இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. தோள் காதுவரை ஏறி, குழலின் நுனி நிலத்தைப் பார்த்தது. உதடு கோணிக்கொண்டது. நான் அவளை ஒருநாளும் அடித்ததில்லை. அடிக்குப் பயந்து நிற்கும்போது என் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்டேன்.

திரும்பி வரும் வழியில் சொன்னாள்: "டிசம்பர் வரைக்கும் பாப்பம் அப்பா. சரிவரேல்லையெண்டால் வீட்டை வந்திடுறன். உங்களுக்கும் துணையாப் போகும்."

இதை எழுதாமல் விடலாம். ஆனால் அரைவாசி எழுதுவது என்னால் முடிவதில்லை. அவள் அப்படிச் சொன்னபோது என் மனதில் ஹனோவர் வீட்டின் மற்ற அறை வந்தது. கட்டில் விரிப்பு மாற்றாமல் கிடக்கிறது. விளக்கு எரியும். குசினியில் இரண்டு கோப்பை இருக்கும். நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. பழகிவிடும், உன்னால் முடியும், முயற்சி செய் என்று ஒரு நல்ல அப்பா சொல்வதைச் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். இரவல் துவக்கு மாதக் கடைசியில் போய்விடும். டிசம்பரில் அவள் வந்துவிடுவாள்.

பஸ் தரிப்பிடம் வரைக்கும் அந்த அறையை மனதில் வைத்துக்கொண்டே நடந்தேன். கிட்டத்தட்ட பதினைந்து நிமிடம்.

"நான் பிழையாத் தெரிவு செய்துபோட்டன்" என்றேன். "இதைக் குடுத்திட்டு ஆறரை வாங்கு. திங்கக்கிழமையே போவம்."

"அப்பா, உங்கடை கணக்கு..."

"கணக்குச் சரி. தோள் என்ரை இல்லை."

திங்கட்கிழமை அங்கே உள்ள துவக்குக் கடைக்குப் போனோம். அதே மாதிரித் துவக்கை ஆறரையில் எடுப்பிக்கலாம் என்றார்கள். பழையதைப் பதிவில் இருந்து எடுக்க ஒரு விண்ணப்பம், புதியதைப் பதிய ஒரு விண்ணப்பம், அலுவலகத்தில் டெர்மீன். மூன்று கிழமை எடுக்கும் என்றார்கள். தோட்டாவின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில் கடைக்காரர் ஆண்களிடம் கேட்கும் பழக்கத்தில் என் முகத்தைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த கொம்புகளை எண்ணத் தொடங்கினேன். ஆரணி சொன்னாள்.

6

நவம்பரில் ஞாயிறுகள் மாறிவிட்டன. இன்றைக்குக் காத்திருந்தது வீண், ஆடு வரவில்லை என்றாள் ஒரு நாள். பனியில் சறுக்கி முழங்கால் வீங்கிவிட்டது என்றாள் இன்னொரு நாள். முதல் ஆட்டை ஒரே தோட்டாவில் விழுத்திய அன்று, இவர்களுடைய வழக்கப்படி அதன் வாயில் ஒரு சிறு பைன் கொப்பை வைத்தாளாம். பிறகு கயிறு கட்டிக் கீழே இறக்கி வர நான்கு மணித்தியாலம். பயமாக இருந்தது அப்பா என்றாள். எழுத இடம் போதாமல் மற்றப் பக்கத்துக்கும் போனேன்.

நேற்று மாலை எடுத்தாள். ஞாயிறு இல்லை. மேலதிகாரி கையெழுத்து வைத்துவிட்டார், வேலை நிரந்தரம். குறித்த தொகையை முடித்துவிட்டாள். நவம்பரில் இருந்து ஒன்றுகூடக் காயத்தோடு தப்பவில்லை. வேகமாகச் சொல்லிக்கொண்டு போனாள். நல்லது பிள்ளை என்றேன். அம்மா இருந்திருந்தால் கோயிலில் அர்ச்சனை செய்திருப்பா என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியாமல் சம்பளப் படி கூடுமா என்றும் கேட்டேன்.

பிறகு கேட்டாள்:

"நான் இனி அங்கை வரமாட்டன் அப்பா. உங்களுக்குக் கவலையோ?"

சுகம் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம். அது தானாக வருகிறது. சுருங்குகிற தோள் மாதிரி.

"ஓம்" என்றேன்.

அவள் ஆறுதல் சொல்லவில்லை.

"எனக்கும்தான்" என்றாள். "இஞ்சை மலை மறைச்சு நாலு மணிக்கே இருட்டிப்போகும். உங்களைத் தவிர வேறை ஆரோடையும் தமிழிலை கதைச்சு எத்தினை நாள் எண்டு தெரியாது. ஒவ்வொரு நாளும் வேலை முடிஞ்சு வரேக்குள்ளை..."

அங்கே நிறுத்தினாள். நான் அதுவரை நின்றுகொண்டு கதைத்துக்கொண்டிருந்தேன். கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்தேன்.

"சொல்லு பிள்ளை" என்றேன்.